எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'

ஆபரேஷன் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. இன்னொரு டாக்டரிடம் காட்ட நாங்கள் கிளம்பியது செவ்வாய்க்கிழமை மதியம். நடுவில் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. கத்தி படப்போவது என் உடம்பில் இல்லை, என் வீட்டுக்காரர் உடம்பில். அவரோ பஸ்ஸில் அத்தனை இருக்கை காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, வழியில் வருகிற கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தார். பயம் வந்தால் அவர் எதையாவது படிப்பார். பிஸ்கட் உறையைக்கூட விடமாட்டார்.

பத்து மாதமாக அவரால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. ஆசனவாயில் வெடிப்பு. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் மூன்று மாதம் "சூடு" என்றார். அப்புறம் "அந்த இடம்" என்றார். ரத்தத்தை நான் பார்த்துவிட்ட பிறகு வெறும் "அது" ஆயிற்று. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு மணி நேரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். உடைந்த கண்ணாடி வெளியே வருகிற மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அழுததைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் அதையும் சொல்லவில்லை.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். உயரமான கட்டடம் எழும்புகிற இடத்தில் மஞ்சளாக ஒன்று நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும், அதற்குள்தான் என் வீட்டுக்காரர். காலை ஏழு மணிக்கு ஏறினால் மாலை ஆறு மணிக்கு இறக்கம். இடையில் இறங்க ஆசைப்பட்டால் ஏணியில் இறங்கக் கால் மணி, மறுபடி ஏற அரை மணி. அதுவரை கீழே கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் போடுகிறவர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இறங்குகிறேன் என்று வாக்கி டாக்கியில் சொல்லவும் வேண்டும். அதில் சொன்னால் நாற்பது பேர் காதில் விழும். ஒண்ணுக்குப் போக பாட்டில் இருக்கிறது. இன்னொன்றுக்கு ஒரே வழிதான், வராமல் பார்த்துக்கொள்வது. காலையில் தண்ணீர் கிடையாது, மதியம் அரை வயிறு, மீறி வந்தால் அடக்கு. இருபது வருஷம் இப்படியே ஓட்டிவிட்டு, உடம்பு ஒருநாள் வெடித்ததும் "எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலை" என்கிறார் மனுஷன்.

நானோ கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஊரார் எல்லாம் சுகமாக உட்கார வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சும் ரெக்ஸினுமாக மாரடிக்கிறேன். வீட்டில் கட்டினவர் நிற்கிறார். நடுவில் ஓட்டை வைத்து, ஓரம் கெட்டியாக, கச்சிதமாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். கூண்டுக்குள் கொண்டு போகமாட்டேன் என்றுவிட்டார். மாற்று ஆள் ஏறினால் பார்த்துவிடுவாராம். "பாத்தா என்ன, அவரும் ஒண்ணு கேப்பார்" என்றேன். சிரிக்கக்கூட இல்லை.

முதலில் பார்த்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கைராசிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். களிம்பு எழுதிக் கொடுத்தார். எட்டு வாரம் காலையும் மாலையும் போடச் சொன்னார். எட்டு வாரம் கழித்துப் போனபோது ஒரு துளி ஆறவில்லை. "மருந்து கேக்கலைன்னா அறுவைதான்" என்றார். உள்தசையில் சின்னதாக ஒரு வெட்டு, இருபது நிமிஷ வேலை, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறிவிடும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிற தாளைத் தள்ளும்போது, "சில பேருக்குக் காத்தை அடக்க முடியாம போகலாம், லேசாக் கசியலாம். ரொம்பக் குறைச்சல்தான்" என்றார். என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு அந்தக் 'கசியலாம்' காதிலேயே நின்றுவிட்டது. உச்சியில், கழிப்பறை இல்லாத கூண்டில், பதினொரு மணி நேரம் உட்காருகிறவருக்கு அந்தக் குறைச்சலான ஒன்று வந்து தொலைத்தால் என்ன செய்வது? அப்புறம் எந்த முகத்தோடு ஏறுவார்? கிரேனை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு எதிலும் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததும் இல்லை.

என் நாத்தனார் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். தங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றே இவர் வேறு ஒரு கிளைக்குப் போய் ரத்தம் கொடுத்தார். எல்லாக் கிளையின் ரத்தமும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும் என்பது இந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. அவள் எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆபரேஷன்?"

மென்று முழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை, சொல்லிவிட்டேன். "இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கத்தி வைக்க விடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் அம்மா ஒருத்தர் இருக்காங்க, அவங்ககிட்ட நானே நேரம் வாங்கித் தரேன்" என்றாள். வாங்கியும் கொடுத்துவிட்டாள். தங்கைக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டதும் இவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவர் கில்லாடி. கூண்டில் தனியாக இருந்து இருந்து பழகிவிட்டது.

இரண்டாவது டாக்டரின் மருத்துவமனை ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் முதல் தளம். காத்திருக்கிற கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, சுவரில் குடலின் படம். இவர் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த வழிமுறையைப் படித்துக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். வழக்கம்போல நான் வாங்கிக்கொண்டேன்.

வழக்கம்போல என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல்தகுதிப் படிவம் வரும். தலைவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, மயக்கம் உண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இருபத்தாறு கேள்வி. கல்யாணமான முதல் வருஷம் அவரே எழுதினார். 'சாப்பிடாத நாளில் எப்போதாவது லேசாகத் தலை சுற்றும்' என்று உண்மையை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் தரையில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தூக்குகிற சுமை ஆடாமல் கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அடுத்த வருஷம் படிவம் வந்தபோது நான் பிடுங்கிக்கொண்டேன். உங்கள் எழுத்து கொக்கி கொக்கியாக இருக்கிறது, படிக்கிறவர் பாவம், நான் எழுதுகிறேன் என்றேன். ஒரு கேள்வியைக்கூட அவரிடம் கேட்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று மேலிருந்து கீழ்வரைக்கும் இருபத்தாறு இல்லை. பதினாறு வருஷமாக அதுதான் நடக்கிறது. என் கை அந்த வார்த்தையை என்னைக் கேட்காமலே எழுதும்.

அன்றைக்கும் எழுதியது. மூன்று நிமிஷத்தில் படிவத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, முதல் டாக்டரின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா குள்ளமாக, ஒல்லியாக, அறுபதைத் தாண்டியவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, இவர் நிற்பதைப் பார்த்ததும், "நீங்க நில்லுங்க, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கியது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். நான் இந்தப் பக்கம் கோப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். புற்று கிற்று என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நினைப்பு எங்கெங்கோ ஓடியது. அவர் வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"கைகூட வைக்கலைம்மா, பாத்தேன், அவ்வளவுதான்" என்று கையைக் கழுவிக்கொண்டே வந்தார் டாக்டர். "வெடிப்புதான். பழசு. பயப்படற மாதிரி வேற எதுவும் கண்ணுக்குப் படலை. ஆறினதும் உள்ள ஒரு தடவை கேமரா விட்டுப் பாத்துடலாம், வயசுக்கு அது நல்லது." உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார். முதல் டாக்டர் எழுதியதை மெதுவாகப் படித்தார். "இவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. எட்டு வாரம் களிம்பு ஒழுங்காப் போட்டும் ஆறலைன்னா நானும் இதையேதான் சொல்லுவேன்."

இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று தோன்றியது. இவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. கத்தி வேண்டும் என்று கேட்டதும் நிம்மதி அடைகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"அந்தக் களிம்பு டியூப் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

என்னிடம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அதை அவர் என் கண்ணிலேயே காட்டியதில்லை. தினமும் நான் வெந்நீர் வைத்துத் தொட்டியில் ஊற்றுவேன், அவர் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார், "மருந்து போட்டீங்களா?" என்று கேட்பேன், "ம்" என்பார். கல்யாணமாகிப் பதினேழு வருஷமான ஆம்பளையின் "ம்". அதில் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதைக் கையில் எடுத்து எடை போடுகிற மாதிரி இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார்.

"இது எத்தனாவது டியூப்?"

இவர் காலிப் பையை மறுபடி தடவினார்.

"ஒரு டியூப் ரெண்டு வாரம் வரும். எட்டு வாரத்துக்கு நாலு. இது முக்கால்வாசி அப்படியே இருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜையில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி எங்கள் பக்கம் திருப்பினார். முதல் டாக்டரின் மருத்துவமனையில் போன வாரம் கொடுத்த படிவம். மருந்தைச் சொன்னபடி பயன்படுத்தினீர்களா? ஆம். மருந்தால் தலைவலி? இல்லை. தலைசுற்றல்? இல்லை. தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறீர்களா? ஆம். மலத்தை அடக்குகிற பழக்கம் உண்டா? இல்லை.

"இது யார் எழுத்து?"

குண்டு குண்டாக, அழகாக, படிக்கிறவருக்குக் கஷ்டம் இல்லாத எழுத்து.

"என்னோடது" என்றேன்.

"அவர்கிட்ட கேட்டு எழுதினீங்களா?"

பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குத் தொண்டையில் சிக்கியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளியே நான் முடித்துக் கொடுத்த படிவத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார், புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். "சார், இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. அம்மா கொஞ்ச நேரம் பேச வேண்டாம்" என்றார். என் பிறந்த வீட்டில் யாராவது இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் பேசவில்லை.

"களிம்பு எத்தனை நாள் போட்டீங்க?"

"மூணு நாள்."

"ஏன் நிறுத்தினீங்க?"

"தலைவலி. அப்படி ஒரு தலைவலி எனக்கு வந்ததே இல்ல டாக்டர். போட்ட கால் மணியில நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்கும்."

"தலை சுத்திச்சா?"

"மூணாவது நாள் சுத்துச்சு."

"எங்க இருந்தீங்க அப்ப?"

என்ன வேலை செய்கிறவர் என்றே முதல் டாக்டருக்குத் தெரியாது. படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் நான் 'கட்டடக் கம்பெனி' என்று எழுதிவைத்திருந்தேன். சாமர்த்தியம். இவர் இப்போது கூண்டைப் பற்றிச் சொன்னார், ஏணியைப் பற்றிச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"ரெண்டு டன் கம்பி தூக்கியிருந்தேன். பாதி வழியில கண்ணு இருட்டிடுச்சு. கீழ ஆளுங்க நிக்கறாங்க, ஏழெட்டு பேரு. லிவரை அப்படியே விட்டுட்டேன். விட்டா அது தானா நின்னுக்கும். கம்பி அப்படியே தொங்குது. சிக்னல் குடுக்கறவர் வாக்கி டாக்கில என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. காத்து அடிக்குதுன்னு சொன்னேன். காத்தே இல்ல அன்னிக்கு."

அந்த நாள் எனக்கு நினைவில்லை. எந்த நாளாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, பொண்ணின் கணக்குப் பாடத்தைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பார். நான் மருந்து போட்டீங்களா என்று கேட்டிருப்பேன். அந்த ஏழெட்டுப் பேர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள் இல்லையா?

"இதை அந்த டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை?"

"தலைசுத்தல்னு பேப்பர்ல ஏறிடுச்சுன்னா என்னை ஏத்தமாட்டாங்க டாக்டர்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, கேட்டுக்குங்க. நீங்க போட்ட களிம்பு சில பேருக்கு இப்படித்தான் தலைவலி குடுக்கும், ரத்தக் குழாயைத் தளர்த்தற மருந்து அது. இதே வேலையைச் செய்யற இன்னொரு களிம்பு இருக்கு, அதுல தலைவலி ரொம்பக் குறைவு. அதை எட்டு வாரம் போடணும். தண்ணி நிறையக் குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது, எங்க இருந்தாலும் போயிடணும். பாதிப் பேருக்கு மேல இதுலயே ஆறிடும். ஆறலைன்னா அப்ப வெட்டலாம், அப்ப வெட்டறது நியாயம். மூணு நாள் மருந்து போட்டுட்டு வெட்டிக்கறதுல எனக்கு இஷ்டமில்ல."

எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் டாக்டர் இன்னும் முடிக்கவில்லை.

"முதல் ரெண்டு வாரம் மேல ஏறக் கூடாது. இந்த மருந்து ஒத்துக்குதான்னு தரையில பாத்துடணும். அப்புறம் ஏறினாலும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது இறங்கி ஏறணும். உங்க கம்பெனிக்கு நான் லெட்டர் எழுதித் தரேன்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "லெட்டர் வேண்டாம் டாக்டர்."

"லெட்டர் இல்லாம எப்படி இறங்குவீங்க?"

"வெட்டிடுங்க. அது சுலபம்." வார்த்தைகள் வேகமாக வந்தன, முன்னாலேயே அடுக்கிவைத்தவர் மாதிரி. "ஊருக்குப் போறேன்னு ஒன்பது நாள் லீவு சொல்லிட்டேன். வியாழக்கிழமை வெட்டிக்கிட்டா அடுத்த சனிக்கிழமை ஏறிடுவேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"கசிஞ்சா?" என்று கேட்டுவிட்டேன். பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது மறந்துவிட்டது. "கசிஞ்சா என்ன பண்ணுவீங்க மேல உக்காந்துக்கிட்டு?"

"பாத்துக்கலாம்."

"எப்படிப் பாத்துப்பீங்க?"

"துணி வெச்சுக்கறேன்" என்றார் மெதுவாக.

அதையும் யோசித்துவைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு, துணி வரைக்கும் யோசித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கோபம் பாதி வழியில் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. ஒரு மனுஷன் தன் வலியைச் சொல்வதைவிடத் தன் சதையை வெட்டிக்கொள்வது சுலபம் என்று நினைக்கிறான் என்றால், அவனைச் சொல்லவிடாமல் வைத்திருந்தது யார்? தரையில் நின்ற மூன்று மாதம் எனக்கும் பயம்தான். அந்தப் பயத்தில் அவர் வாயை மூடி, அதன்மேல் அழகான கையெழுத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன்.

இப்போதும் பயமாகத்தான் இருந்தது. லெட்டர் போனால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வருவார். வந்தவர் இரண்டு வாரத்தில் எழுந்து போவார் என்று யார் சொல்ல முடியும்? தகுதிச் சான்றிதழைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பார்கள். பொண்ணு அடுத்த வருஷம் பள்ளி முடிக்கிறாள். இவ்வளவும் ஒரே சமயத்தில் தலைக்குள் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"எழுதுங்க டாக்டர்."

"நீ சும்மா இரு" என்றார் இவர்.

"பதினாறு வருஷம் நான் எழுதினதுக்கெல்லாம் நீங்க சும்மா இருந்தீங்கல்ல. இதுக்கும் இருங்க. இல்ல, இருக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்க. கீழ நிக்கறவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நாம எப்படிச் சாப்பிட்டிருப்போம், சொல்லுங்க."

டாக்டர் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு நேரம் கொடுத்தார். வெளியே யாரோ ஒருத்தர் இருமினார், வரவேற்புப் பெண் அடுத்தவரின் பேரைக் கூப்பிட்டு, அப்புறம் உட்காருங்க என்றாள்.

"ரெண்டு தடவை இறங்கணும்னு போடாதீங்க" என்றார் இவர் கடைசியில். "தேவைப்படும்போதெல்லாம்னு போடுங்க. ரெண்டுன்னா, ரெண்டுக்குமேல இறங்கினா கணக்குப் பண்ணுவாங்க."

டாக்டர் சிரிக்காமல் அப்படியே எழுதினார். முதல் டாக்டருக்கு அவரே போன் போட்டார். "உங்க முடிவு சரிதான் சார், தகவல்தான் சரியில்ல" என்று ஆரம்பித்து, இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னு வருத்தப்பட்டார்" என்றார். வியாழக்கிழமை ரத்தானது. ஆனால் எட்டு வாரம் கழித்து வருகிற ஏதோ ஒரு வியாழக்கிழமை ரத்தாகவில்லை. அதையும் டாக்டர் வாசல்வரை வந்து இன்னொரு தடவை நினைவுபடுத்தினார்.

கூடத்துக்கு வந்ததும், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். வீட்டுக்குப் போனால் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சைட் இன்ஜினியருக்குப் போன் போட்டார். நான் எட்ட நின்றேன். ஆனாலும் கேட்டது.

"சார், ஊருக்குப் போகலை... இல்ல சார், உடம்பு. எனக்கு ஆசனவாய்ல வெடிப்பு." அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். இவர் காது சிவந்துவிட்டது, ஆனால் குரலை இறக்கவில்லை. "மூலம் இல்ல சார், வெடிப்பு... பத்து மாசமா. ஒரு தடவை மேல தலையும் சுத்துச்சு. காத்துன்னு சொன்னேன், காத்து இல்ல சார். ரெண்டு வாரம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் லெட்டர் குடுத்திருக்காங்க."

அதற்கப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி சார், சரி சார் என்றார். போனைப் பையில் போட்டார்.

"என்ன சொன்னார்?"

"லெட்டரை எடுத்துட்டு நாளைக்கு வா, பாக்கலாம்னார்."

"பாக்கலாம்னா?"

"தெரியலை."

அந்தப் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் விழும் என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அன்பாகச் சொன்னதா, வெட்டிவிடுகிற தொனியா என்று கேட்டேன். கோபமாகச் சொல்லவில்லை என்றார். அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். இன்னொன்று பிடித்தார். மூன்றாவதைக் குடிக்கும்போது அவர் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். வழக்கமாக அந்த முகம் வந்தால் தொடையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, வீடு போய்ச் சேருகிறவரை, சில நாள் மறுநாள் வரைக்கும்கூட அடக்கிவிடுவார். வலிக்குப் பயம்.

"வந்தா அடக்கக் கூடாதுன்னாங்க" என்றேன். வற்புறுத்துகிற மாதிரி இருக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன்.

கூடத்துக் கோடியில் இருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி போனார்.

நான் கதவுக்கு வெளியே கோப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் மறுபடி சத்தமில்லை. அடுத்து வந்த ஒருத்தரிடம், "கொஞ்சம் நேரமாகும், கீழ் மாடியில ஒண்ணு இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். கீழ் மாடியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்த இன்ஜினியர் என்ன சொல்வார், புதுக் களிம்பு ஒத்துக்கொள்ளுமா, எட்டு வாரம் கழித்து என்ன ஆகும் என்று ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். நெற்றி முழுக்க வேர்வை, உதடு வெளுத்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சுதா?" என்று கேட்டேன். பத்து மாதமாக நான் கேட்கிற கேள்வி. பத்து மாதமாக அதற்கு ஒரே பதில்தான், இல்லை.

"வலிச்சுது" என்றார். "ரொம்ப வலிச்சுதும்மா."

அத்தனை பேருக்கு நடுவில், கோப்பை நாற்காலியில் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன்.